சாந்தமேரி பார்த்துக் கொடுத்த கண்ணாடி

என் மகள் கிளாரிசாவுக்கு இன்று இரண்டு கண்ணும் பழுதில்லாமல் இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேருவில் குடியிருக்கும் சாந்தமேரி என்ற பெண்மணி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் காப்புறுதி முகவர். முக்கியமான விஷயத்தைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டே இருபத்தாறு வருடம் பிழைத்தவன். இந்த ஒரு விஷயத்திலாவது அந்தப் புத்தி வேண்டாம் என்று நினைக்கிறேன்.

சாந்தமேரிக்கு நாற்பது வயது. கிள்ளானுக்கு வடக்கே ஒரு தோட்டத்தில் பிறந்து, ஐந்தாம் படிவம் முடித்த கையோடு மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். பத்தொன்பது வருடம் அங்கே தரச் சோதனை. கையுறைக்குள் காற்றை நிரப்பி, விளக்குக்கு நேராகப் பிடித்து, ஊசிமுனையை விடச் சின்ன ஓட்டையைத் தேட வேண்டும். அவர் பார்த்து அனுப்பிய பெட்டிகளில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவர் சொல்லிக்கொள்ள மாட்டார். நாம் கேட்டால் மட்டும், "இல்லண்ணே, ஒண்ணும் வரல" என்பார். கோவிட் காலத்தில் இரவு பகலாக ஓடிய தொழிற்சாலை, அது முடிந்ததும் ஓடர் குறைந்து ஒவ்வொரு பிரிவாக மூடியது. சாந்தமேரியும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கணவர் மாரிஸ் லோரி ஓட்டுபவர். முதுகுவலி வந்ததிலிருந்து அவர் ஓட்டுவது வாரத்தில் மூன்று நாள்தான்.

அந்தச் சமயத்தில்தான் என் பள்ளித் தோழன் கார்த்திகேசு, ஜெஞ்சாரோமில் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வைத்திருக்கும் பெயிண்ட்பால் களத்துக்கு, முகக்கவசம் கழுவ ஆள் தேடினான். சாந்தமேரி தன் பழைய கஞ்சில் காரில் வந்து இறங்கினார்.

பெயிண்ட்பால் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அழுத்திய காற்றால், சாயம் நிரப்பிய ஜெலட்டின் உருண்டையை எய்யும் கருவி ஒன்று உண்டு. துப்பாக்கி என்று சொன்னால் கார்த்திகேசுவுக்குக் கோபம் வரும். மார்க்கர் என்றுதான் சொல்ல வேண்டும். உருண்டை பட்டு உடைந்து சட்டையில் நிறம் தெறித்தால் ஆட்டத்திலிருந்து வெளியே. வெளிநாட்டு வீடியோக்களில் வருகிற, பார்க்க அசல் ஆயுதம் போலவே இருக்கும் ஏர்சாஃப்ட் கேஸ் துப்பாக்கிகளுக்கு நம் ஊர்ச் சட்டம் இடம் கொடுக்காது. எங்களுக்கு வாய்த்தது பெயிண்ட்பால். அதிலும் மார்க்கர்கள் எல்லாம் களத்தின் இரும்பு அலமாரியில் பூட்டியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போய், விளையாடி, திருப்பிக் கொடுத்துவிட்டு வரவேண்டும்.

சாந்தமேரி சேர்ந்த இரண்டாவது மாதம், மார்க்கர்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை ஆறு மார்க்கர்கள் சேர்ந்தாற்போல் 'உஸ்' என்று காற்றை விட்டுக்கொண்டு கிடந்தன. கார்த்திகேசு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். முகக்கவசம் கழுவிக்கொண்டிருந்த சாந்தமேரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் கேட்டார். சோப்பு நுரையை விரலால் தடவினார். நுரை குமிழ்விட்ட இடத்தில் கழற்றினால், உள்ளே தேய்ந்துபோன ரப்பர் வளையம்.

"பாஸ், பத்தொம்பது வருஷம் ரப்பர்ல ஓட்டை தேடினவ நான். இது வளையம், அவ்வளவுதான் லா" என்றாராம்.

அன்றிலிருந்து அவர்தான் களத்தின் மெக்கானிக். வந்த புதிதில் ஒரு பொம்பளை மார்க்கரைத் திறப்பதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சிரிப்பை மறைப்பானேன்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. குறி தவறினால் சாமானைக் குறை சொல்வேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தச் சாதி. போன வருடம் முழுக்க என் உருண்டைகள் எதிராளியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் பட்டன. குழல் குட்டையாக இருப்பதுதான் கோளாறு என்று முடிவு கட்டினேன். நீளக் குழல் என்றால் நேராகப் போகும், தூரமாகப் போகும், வேகமாகப் போகும் என்று வீடியோவில் ஒருவன் சொன்னான். கார்த்திகேசு மூலமாகப் பதினாறு அங்குலத்தில் ஒரு குழலும், அதன் முனையில் மாட்ட சைலன்ஸர் மாதிரி ஒரு கறுப்பு உருளையும் வரவழைத்தேன். மாட்டிப் பார்த்தால் மார்க்கர் என் இடுப்பிலிருந்து முழங்காலைத் தாண்டித் தொங்கியது. களத்து ஓய்வறைக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டேன். எனக்கு வயது ஐம்பத்தொன்று ஆகப்போகிறது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சாந்தமேரி குழலை வாங்கிப் பார்த்தார். ஒரு உருண்டையை எடுத்துப் பின்பக்கமாகப் போட்டார். உருண்டை சரசரவென்று உருண்டு மறுபக்கம் வந்து விழுந்தது.

"லூஸ் அண்ணே."

பிறகு களத்தின் சாதாரணப் பத்து அங்குலக் குழலை எடுத்து அதே உருண்டையைப் போட்டார். உள்ளே நின்றது. வாய் வைத்து லேசாக ஊதினார். 'பொக்' என்று வெளியே வந்தது.

"இப்படி நிக்கணும், ஊதினா வரணும். அப்பதான் காத்து பக்கத்துல ஒழுகாம உருண்டைய தள்ளும். நம்ம ஊரு ஈரத்துக்கு உருண்டை காலையில ஒரு சைஸ், மத்தியானம் ஒரு சைஸ். டெய்லி ஊதிப் பாக்கணும்."

"அது சரி மேரி, நீளம் இருந்தா இன்னும் வேகமா போகும்ல? காத்து ரொம்ப நேரம் தள்ளுமே?"

"காத்து எங்கண்ணே இருக்கு தள்ளுறதுக்கு? ஒரு தடவ ட்ரிகர இழுத்தா ஒரு மடக்கு காத்துத்தான் உள்ள வருது. எட்டு, பத்து இஞ்சுக்குள்ள அது தள்ள வேண்டியத தள்ளிடும். அதுக்கு மேல உருண்டை சும்மா உரசிக்கிட்டுத்தான் போவுது. உரசினா ஸ்பீடு குறையும்."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் காப்புறுதி விற்க முடியுமா? "சும்மா சொல்லாதீங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. வேகமானியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். என் மார்க்கரில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியைத் தொடாமல், முதலில் பத்து அங்குலக் குழலைப் பூட்டிப் பத்து முறை சுட்டார். பத்தையும் எழுதிச் சராசரி போட்டார். நொடிக்கு 279 அடி. அடுத்து என் பதினாறு அங்குலமும் கறுப்பு உருளையும். 247. முப்பத்திரண்டு அடி காணாமல் போயிருந்தது.

"இந்தத் துண்டு?" என்று உருளையைக் காட்டினேன்.

"அது சும்மா அழகுக்கு. உள்ள உருண்டைய தொடக்கூட இல்ல. கொஞ்சம் கோணலா மாட்டினா ஓரத்துல பட்டு உருண்டை வேற பக்கம் போயிரும். சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கும், அது உண்மை. அதுக்காக வேணும்னா வெச்சிக்குங்க."

பிறகு நூறு அடி தள்ளி ஒரு பலகையை நிறுத்தி, இரண்டு குழலாலும் இருபது இருபது உருண்டை சுட்டுக் காட்டினார். இரண்டு பக்கமும் சாயம் ஒரே மாதிரி சிதறியிருந்தது. உருண்டைக்குள்ளே இருப்பது தண்ணீர் மாதிரி சாயம். அது ஆடிக்கொண்டே போகும். எவ்வளவு நீளக் குழலும் அதைக் கட்டி வைக்க முடியாது என்றார். அவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை. நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு நீளக் குழலையே வைத்துக்கொண்டேன்.

என் பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் காலை ஆராதனையை முடித்துவிட்டு நானும் கிளாரிசாவும் ஜெஞ்சாரோம் போனோம். கிளாரிசாவுக்கு இருபத்து மூன்று வயது. பங்சாரில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை. பெயிண்ட்பாலில் துளியும் ஆசை இல்லாதவள். அப்பாவின் பிறந்தநாளுக்காக ஒரு நாள் வருகிறேன் என்று வந்தாள்.

அவளுக்காக என்னுடைய பழைய முகக்கவசம் ஒன்றைக் களத்து அலமாரியிலிருந்து எடுத்தேன். சிவப்பு நிறம், பார்க்க நன்றாக இருக்கும். சாந்தமேரி அதை வாங்கி, முன்கண்ணாடியைத் தனியாகக் கழற்றி, இரு கைகளாலும் லேசாக வளைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் இடது ஓரத்தை நகத்தால் காட்டினார். கொக்கி மாட்டும் இடத்திலிருந்து தலைமுடி மாதிரி ஒரு கோடு.

"இத நான் குடுக்க மாட்டேண்ணே."

"ஒரே ஒரு நாள் மேரி. அவ இதுக்கப்புறம் வரப்போறதே இல்ல."

"ஒரு நாள்னாலும் மாட்டேன். பாப்பா, அஞ்சு நிமிஷம் உக்காருமா."

கிளாரிசா கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் நண்பர்கள் வெயிலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சல். சாந்தமேரி அவசரமே படாமல் புதுக் கண்ணாடியைப் பொட்டலத்திலிருந்து எடுத்து, பூட்டி, நான்கு மூலையையும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, கிளாரிசாவின் தலையில் தானே மாட்டி, தாடைப் பட்டையையும் இழுத்துச் சரி செய்தார்.

அதன் பிறகு என் மார்க்கர். நீளக் குழலோடு 247 அடி வேகத்தில் போனால் எனக்கு மரியாதை இல்லை என்று, வேகத்தை ஏற்றித் தரச் சொன்னேன். எங்கள் களத்தில் 280 வரைக்கும்தான் அனுமதி. அவர் திருகாணியை முடுக்கி 278 ஆக்கினார். திருகாணி மேல் மஞ்சள் பட்டியைச் சுற்றி இறுக்கினார். அதுதான் முத்திரை, களத்தில் டேக் என்போம். பட்டி அறுந்திருந்தால் ஆட்டக்காரன் கை வைத்தான் என்று அர்த்தம். அறுபடாமல் இருந்தால் வேகத்துக்கு மெக்கானிக் பொறுப்பு.

"அண்ணே, இது இந்த பேரலுக்கு வெச்ச ஸ்பீடு. பேரல மாத்தினா திரும்ப எங்கிட்ட வாங்க."

"சரி சரி."

முதல் இரண்டு ஆட்டத்திலேயே அந்த நீளக் குழல் என்னைப் படுத்தியெடுத்தது. மறைவுத் தடுப்புக்குப் பின்னால் திரும்பினால் இடிக்கிறது. குனிந்தால் செம்பனை மட்டையில் சிக்குகிறது. நான் ஒளிந்திருக்கும் இடத்தைக் கறுப்பு உருளை எல்லாருக்கும் முன்கூட்டியே காட்டிக் கொடுக்கிறது. மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் பைக்குள் கிடந்த பத்து அங்குலக் குழலை எடுத்தேன். மாற்றிப் பூட்ட அரை நிமிடம் ஆகவில்லை. சாந்தமேரியின் மேசை முப்பது அடி தூரத்தில் இருந்தது. நான் போகவில்லை.

மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மறக்கவில்லை. இவ்வளவு வாதம் செய்துவிட்டு, குட்டைக் குழலோடு அந்த அம்மா முன்னால் போய் நிற்க வெட்கமாக இருந்தது. நீளக் குழலுக்காக முடுக்கிய திருகாணி. அதே திருகாணியில் குட்டைக் குழல் முப்பத்திரண்டு அடி கூடுதலாகப் போகும் என்று அவர் எழுதியே காட்டியிருந்தார். கூட்டல் தெரிந்த யாருக்கும் விளங்கும். எனக்குக் கூட்டல் நன்றாகத் தெரியும்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். ஒரு தடுப்பைச் சுற்றி ஓடித் திரும்பினேன். இருபது அடி தள்ளி ஒரு உருவம் எழுந்தது. யார் என்று பார்க்கவில்லை. மூன்று முறை சுட்டேன். வருடம் முழுக்கத் தவறிய குறி அன்றைக்கு மூன்றுமே தவறவில்லை. ஒன்று முகக்கவசத்தின் கண்ணாடியில் இடது கண்ணுக்கு நேரே. ஒன்று தாடையோரம். ஒன்று கழுத்தெலும்பின் மேல். கிளாரிசா சத்தம்கூடப் போடாமல் அப்படியே சரிந்து உட்கார்ந்து, பிறகு சாய்ந்தாள்.

சாந்தமேரிதான் முதலில் ஓடி வந்தார். முகக்கவசத்தைக் கழற்ற விடாமல் முதலில் என் கையைத் தட்டிவிட்டார். எல்லாரும் சுடுவதை நிறுத்திய பிறகே கழற்றினார். கழுத்தெலும்பில் தோல் பிளந்து ரத்தம். கண் மூடியிருந்தது. கண்ணாடி முழுக்க மஞ்சள் சாயம். நான் அவளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு கிள்ளானுக்குப் பறந்தேன். மார்க்கர் புல்லில் கிடந்தது.

மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார். கழுத்தில் நான்கு தையல். மயக்கம் அதிர்ச்சியால் வந்தது என்றார். கண்ணுக்கு ஒன்றுமில்லை.

"மாஸ்க் நல்ல மாஸ்க், அங்கிள். இது ஒடஞ்சி உள்ள போயிருந்தா வேற கதை" என்றார்.

எனக்கு அந்தத் தலைமுடிக் கோடு கண்முன் வந்தது. சுவரோரமாகப் போய் உட்கார்ந்து அழுதேன். கர்த்தருக்கு நன்றி சொன்னேன். சாந்தமேரிக்கும் சொன்னேன், மனசுக்குள்.

படுக்கையருகே திரும்பி வந்து உட்கார்ந்தபோது கார்த்திகேசு கூப்பிட்டான்.

"டேய் லியோனல், பாப்பா எப்படி? கண்ணுக்கு ஒண்ணும் இல்லையே? தேங்க் காட் லா. நீ கவலப்படாத. காலையிலேர்ந்து நான் களத்துல இல்ல, இப்பத்தான் வந்து உன் மார்க்கர டெஸ்ட் பண்ணேன். முன்னூத்தி பதினொண்ணு ஓடுது! டேக் அறுபடல. அப்ப யாரு தப்பு? மேரி தப்பு. நம்பர ஒழுங்கா பாக்காம கட்டி குடுத்திருக்கு. நாளையிலேர்ந்து வரவேணாம்னு சொல்லிட்டேன். சரிதானே?"

நான் சொன்னது ஒரே ஒரு எழுத்து.

"ம்."

படுக்கையில் கிளாரிசா என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுட்டது நான் என்பது அவளுக்குத் தெரியும். விளையாட்டில் நடந்த விபத்து என்று நினைத்திருந்தாள். அதற்கு மேல் தெரிய வேண்டாம் என்று என் புத்தி கணக்குப் போட்டது. விடிந்ததும் கார்த்திகேசுவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். திங்கள் விடிந்தது. செவ்வாயும் விடிந்தது.

செவ்வாய் மத்தியானம் சாந்தமேரியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. திறக்கவே பயமாக இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதுதான். திட்டுவார், அழுவார், வேலையைக் கேட்பார் என்று நினைத்துக்கொண்டே அமுக்கினேன்.

"அண்ணே, சாந்தமேரி பேசறேன். பாப்பா கண்ணு எப்படி இருக்கு? டிவி, ஃபோன் ரொம்ப பாக்க வேணாம்னு சொல்லுங்க. வைக்கறேண்ணே."

அவ்வளவுதான். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பதிவை நான்கு முறை கேட்டேன். புதன்கிழமை காலை மேருவுக்குக் கிளம்பினேன்.

மாடி வீட்டு வரிசையில் கடைசி வீடு. மாரிஸ்தான் கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார், முகத்தில் சிரிப்பு இல்லை. சாந்தமேரி மேசையில் வேலை விண்ணப்பப் படிவம் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பேட்டையில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுக்கிறார்களாம். பாதி வரைக்கும் நிரப்பியிருந்தார். முந்திய வேலையை விட்ட காரணம் என்ற இடம் காலியாக இருந்தது.

"பாப்பா எப்படிண்ணே?"

"நல்லா இருக்கா. மேரி, நான்தான் பேரல மாத்தினேன்."

"தெரியும்."

"எப்படி?"

"பாஸ் டெஸ்ட் பண்றப்ப நான் பக்கத்துலதானே நின்னேன். சின்ன பேரல் மாட்டியிருந்திச்சி. காலையில நான் டேக் கட்டினப்ப நீளம். கண்ணு தெரியுதுல்ல எனக்கு?"

"அப்ப ஏன் சொல்லல?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "நான் இருநூத்தி எழுவத்தெட்டுக்குத்தான் கட்டினேன்னு பாஸ்கிட்ட சொன்னேன். அதுக்கு மேல சொல்லல. அவரு கையில ஃபோன வெச்சிக்கிட்டு நின்னாருண்ணே. நான் சொன்னா அந்த நிமிஷமே உங்களுக்கு அடிப்பாரு, ஸ்பீக்கர்ல போட்டு கத்துவாரு, அவரு கொணம் உங்களுக்கு தெரியாதா? பாப்பா பக்கத்துல படுத்திருக்கும். அடிபட்டு கெடக்கிற புள்ள, அப்பா ரூல மீறித்தான் சுட்டாருன்னு அடுத்தவங்க வாயாலயா கேக்கணும்? அது உங்க வாயால வரணும். அதான் விட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆனா மூணு நாள் ஆவும்னு நெனைக்கலண்ணே" என்றார்.

அதில் கோபம் இருந்தது. இருக்க வேண்டிய கோபம். அவர் தொடர்ந்து சொன்னார்: "வேற வேல கெடைக்கும், அது பரவால்ல. ஆனா இந்த எடத்துல என்ன எழுதறது? பத்தொம்பது வருஷத்துல ஒரு பொட்டி திரும்பி வரல. இங்க மூணு வருஷம், ஒரு மாஸ்க் ஒடையல. சரியா பாக்கத் தெரியாதுன்னு என் கையால எழுத முடியலண்ணே. அதான் நேத்துலேர்ந்து இப்படியே கெடக்குது."

மாரிஸ் தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை. "சனிக்கிழமை வரைக்கும் அந்த ஃபார்ம அனுப்பாதீங்க மேரி" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். ஆனால் முதல் மடக்கைக் கார்த்திகேசுவிடம் குடிக்க முடியாது என்று தெரிந்தது.

வீட்டில் கிளாரிசா கழுத்தில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீளக் குழல், 247, 278, மஞ்சள் பட்டி, முப்பது அடியில் இருந்த மேசை, வெட்கம். முடித்த பிறகு கேட்டாள்:

"ஆன்டிக்கு வேல போயிருச்சா?"

"ஆமா."

"அங்கிள் ஃபோன் பண்ணப்போ நான் உங்க கையத்தானே பிடிச்சிருந்தேன். அப்போ நீங்க 'ம்'னு சொன்னது இதுக்கா?"

அவள் ஐஸ் பையை மேசையில் வைத்தாள்.

"டாடி, அடிபட்டது எனக்கு பிரச்சின இல்ல. அது கேம். நீங்க பேரல மாத்துனதுகூட, ஓகே, முட்டாள்தனம். ஆனா அந்த 'ம்' இருக்கே..." அவள் எழுந்து நின்றாள். "அவங்க புது கண்ணாடி மாட்டும்போது நான் அவங்க மூஞ்சியக்கூட பாக்கல டாடி. ஃபோன நோண்டிக்கிட்டு இருந்தேன். கார் சாவி எங்க?"

தையல் போட்ட கழுத்தோடு அவளே காரை ஓட்டினாள். என்னை ஓட்ட விடவில்லை. நேரே ஜெஞ்சாரோம் களத்துக்கு விட்டாள்.

கார்த்திகேசுவிடம் சொன்னபோது அவன் என்னைத் திட்டிய வார்த்தைகளில் பாதியை இங்கே எழுத முடியாது. நாற்பது வருடப் பழக்கத்தின் உரிமையோடு திட்டினான். அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. திட்டி முடித்ததும், "நான் அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்த கேக்கவே இல்லையேடா" என்றான். உடனே கைப்பேசியை எடுத்துச் சாந்தமேரியைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில்தான் போட்டான். அவர் சொன்னது சரிதான். அவன் குணம் அது.

"மேரி, மன்னிச்சிரு மா. தப்பு எம்மேல. ஞாயித்துக்கிழமை வந்துரு."

மறுபக்கத்திலிருந்து சாந்தமேரியின் குரல் வந்தது. "வரேன் பாஸ். ஆனா இனிமே டேக் திருகாணிக்கு மட்டும் பத்தாது. பேரலையும் மார்க்கரையும் சேத்து இன்னொரு டேக் கட்டுவேன். அது அறுந்தா யாரா இருந்தாலும் ஆட்டம் இல்ல. உங்க ஃப்ரெண்டா இருந்தாலும்."

"கட்டு மா, பத்து டேக் கட்டு."

"அப்புறம், வர்றவங்க எல்லாருக்கும் ஏன்னு சொல்லணும். சொன்னாத்தான் வெளங்கும்."

யார் சொல்வது என்று கார்த்திகேசு என்னைப் பார்த்தான்.

அந்த ஞாயிறு காலை, நாற்பது பேர் முன்னால், தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். குட்டைக் குழல் ஏன் வேகமாகத் தள்ளும், நீளக் குழல் ஏன் வேகத்தைத் தின்னும், ஒன்றுக்கு வைத்த வேகத்தோடு மற்றொன்றைப் பூட்டினால் என்ன ஆகும் என்று சொன்னேன். யாருக்கு ஆனது என்றும், செய்தது யார் என்றும், அதற்கு மூன்று நாள் யார் தலை உருண்டது என்றும் சொன்னேன். சிலர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். இருபத்தாறு வருடமாகக் கூட்டத்தில் பேசிப் பிழைக்கிறவன் நான். இவ்வளவு கடினமாக எந்தப் பேச்சும் இருந்ததில்லை. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அந்த விளக்கத்தை நான்தான் சொல்கிறேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, நானாகவே. அதைச் சொல்ல எனக்கு ஒரு வாய் மிச்சம் இருப்பதற்கும், கேட்டுவிட்டுக் காரில் கூட வர ஒரு மகள் இருப்பதற்கும், நான் பட்ட கடன் பெரிது.

பேசி முடித்துப் பின்பக்கம் போனேன். தொட்டியில் சோப்புத் தண்ணீர் நிரப்பி, சாந்தமேரி முகக்கவசங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பழையபடி முதலிலிருந்து, ஒவ்வொன்றாக. கிளாரிசா எனக்கு முன்பே அங்கே போய் நின்றிருந்தாள். என்ன சொல்வது என்று காரில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவள், குனிந்து, தண்ணீருக்குள் இருந்த சாந்தமேரியின் இரண்டு கைகளையும் எடுத்து, அப்படியே தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"ஐயோ பாப்பா, விடுமா, சோப்புத் தண்ணி! கண்ணு எரியும்!" என்று சாந்தமேரி பதறினார்.

"எரியட்டும் ஆன்டி" என்றாள் கிளாரிசா. கையை விடவில்லை.